ஒரு புள்ளிக்கு எவ்வளவு?

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் நான் சீக்கிரம் தூங்குவதில்லை. போலந்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற ஸ்பீட்வே மேட்ச் நமக்கு ஒன்பதரை. இரண்டாவது மேட்ச் நடுராத்திரி பன்னிரண்டுக்கு. போன சீசனில் ஒருநாள் நண்பன் ஒருத்தன் கூட உட்கார்ந்து பார்த்தான். நாலு பேர், நாலு சுற்று, சுமார் ஒரு நிமிஷம். முடிந்தது. "இதுக்கு எவ்வளவு தருவாங்க?" என்று கேட்டான். பெரிய ரைடர் என்றால் ஒரு புள்ளிக்கே ஆயிரக்கணக்கான ஸ்வோட்டி என்றேன். மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷ வேலைக்கா? நானும் ஓட்டறேன்டா" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. இருபது வருஷமாக இந்த விளையாட்டைப் பார்க்கிறவர்களும், கிளப் நிர்வாகிகளும், வர்ணனையாளர்களும் இதே பாட்டைத்தான் வேறு வேறு ராகத்தில் பாடுகிறார்கள். ரைடர்களுக்குப் பேராசை. ரைடர்களின் சம்பளம்தான் கிளப்புகளைக் கொல்கிறது. காசு வேண்டுமென்றால் ஸ்பான்சர் தேடிக்கொள்ளட்டும். யாரும் அவர்களை வண்டியில் கட்டிப்போடவில்லையே. இந்த நாலும் பொய் என்பது என் கட்சி. அதிலும், வசதியானவர்களுக்கு வசதியான பொய்.

தெரியாதவர்களுக்கு முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். 500 சிசி, ஒற்றை சிலிண்டர் இன்ஜின். எரிபொருள் மெத்தனால். ஒரே கியர். பிரேக் கிடையாது. பிரேக் சரியில்லை என்று அர்த்தமில்லை, பிரேக்கே இல்லாத வண்டி. இளகிய மண் போட்ட நீள்வட்டப் பாதையில் நாலு பேரும் இடப்பக்கமே திரும்பித் திரும்பிப் போவார்கள். வளைவில் பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி, இடதுகாலின் இரும்பு ஷூவை மண்ணில் தேய்த்துக்கொண்டு போவார்கள். முதலில் வந்தவனுக்கு 3 புள்ளி, அடுத்தவனுக்கு 2, அடுத்தவனுக்கு 1, கடைசி ஆளுக்கு பூஜ்யம். ஒரு லீக் மேட்ச்சில் இப்படி 15 ஹீட். ஓர் ஆளுக்கு நாலைந்து ஹீட் வரும். ஆக, என் நண்பனின் கணக்குப்படி ஒரு ராத்திரிக்கு அஞ்சு நிமிஷ வேலை.

இப்போது நிஜக் கணக்கைப் பார்ப்போம்.

*

மோட்டோஜிபியில் ஓட்டுகிறவனுக்கு வண்டியை அணி தருகிறது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டுகிறவன் கார் வாங்கிக்கொண்டு வேலைக்கு வருவதில்லை. ஸ்பீட்வேயில் வளர்ந்த ரைடர் என்பவன் கிளப்பின் ஊழியன் கிடையாது. ஒப்பந்தக்காரன், சுயதொழில் செய்கிறவன். வண்டி அவனுடையது. ஒரு மேட்ச்சுக்கு ஒரு வண்டி போதாது. ஒன்று மக்கர் செய்தால் ஏறிக்கொள்ள இன்னொன்று தயாராக நிற்க வேண்டும். இன்ஜின் பெரும்பாலும் இத்தாலியின் ஜிஎம், அப்படியே வாங்கி ஓட்டினால் பின்னால்தான் வர வேண்டும். அதனால் ட்யூனரிடம் போகும். சில மேட்ச்சுக்கு ஒருமுறை பிரித்துப் பழுதுபார்க்க மறுபடியும் அவரிடமே போகும். நல்ல ட்யூனர்கள் ஐரோப்பா முழுக்கவே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். டயர் ஓரிரு ஹீட்டில் தேய்ந்துவிடும். மெக்கானிக்குகளுக்குச் சம்பளம், வேன், டீசல், கப்பல் டிக்கெட், விமான டிக்கெட் எல்லாம் ரைடரின் பையிலிருந்து. திங்கள் இங்கிலாந்து, செவ்வாய் ஸ்வீடன், வெள்ளியோ ஞாயிறோ போலந்து என்று பல வருஷம் ஓடியவர்கள் உண்டு. அந்த ஓட்டத்தில் டிராக்கில் செலவாகும் நேரம் அரைமணிகூட வராது. மிச்சமெல்லாம் நெடுஞ்சாலை.

இதற்குக் கிடைப்பது புள்ளிக் காசு. போலந்தின் பெரிய லீகில் கையெழுத்துப் பணம் என்று ஒரு தொகை முன்னால் வரும். சீசனுக்குத் தயாராக, அதாவது இன்ஜினும் வண்டியும் வாங்க. அதற்குமேல் புள்ளிக்கு இவ்வளவு. கீழ்மட்ட லீகுகளுக்குப் போகப் போக முன்பணம் மெலியும், புள்ளிக் காசே எல்லாம் என்றாகும். நாலாவதாக வந்தவனுக்கு பூஜ்யத்தை எந்த ரேட்டால் பெருக்கினாலும் பூஜ்யம். தேய்ந்த டயர் மட்டும் அவனுடையதாக இருக்கும்.

நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் பீஸ் ரேட். ஆனால் திருப்பூர் பீஸ் ரேட்டைவிட மோசமானது இது. ஏன் என்று சொல்றேன். தைக்கிறவர் ராத்திரி கண்விழித்து அதிகமாகத் தைத்தால் அதிகச் சட்டை வரும், அதிகக் கூலி வரும். எல்லாரும் கண்விழித்தால் எல்லாருக்கும் கூலி கூடும். ஸ்பீட்வேயில் ஒரு ஹீட்டின் மொத்தப் புள்ளி 6. மேட்ச்சின் மொத்தப் புள்ளி 90. பதினாலு பேரும் உயிரைக் கொடுத்து ஓட்டினாலும் 90தான், எல்லாரும் சோம்பேறியாக ஓட்டினாலும் 90தான். ஒருத்தன் கூடுதலாக எடுக்கிற புள்ளி, பக்கத்தில் தோள் உரச வருகிறவனின் பையிலிருந்து வருவது. உழைப்புக்கு ஊக்கம் என்று இந்த முறையை விற்கிறார்கள். உழைப்பைக் கூட்டினால் உற்பத்தி கூடாத இடத்தில் ஊக்கம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ரைடர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொள்ளும் வேகம் கூடும். வேறெதுவும் கூடாது.

இதில் ஒரு விசித்திரம். போனஸ் புள்ளி என்று ஒன்று உண்டு. தன் அணிக்காரனுக்கு அடுத்த இடத்தில், எதிரணியை மறித்துக்கொண்டு வந்தால் அவனுக்கும் ஒரு புள்ளிக்கான காசு சேர்த்துக் கொடுப்பார்கள். அதாவது, சக வீரனை முந்தாமல் இருப்பதற்குக்கூட விலை வைக்க வேண்டியிருக்கிறது. வைக்காவிட்டால் அணி என்ற சொல்லே அங்கே நிற்காது. முறையை உருவாக்கியவர்களுக்கே அதன் குணம் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"புள்ளிக் காசு இல்லாவிட்டால் ரேஸில் உயிர் இருக்காதே, மூணாவது இடத்துக்குச் சண்டை போடுவானா?" இதுதான் எதிர்த்தரப்பின் நல்ல வாதம். நல்ல வாதம் என்பதால் அதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். உலக சாம்பியன்ஷிப் தொடரான கிராண்ட் பிரியைப் பாருங்கள். அங்கே கிடைக்கிற பரிசுப்பணம் போலிஷ் லீக் வருமானத்துக்குப் பக்கத்தில்கூட வராது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் ரைடர்கள் மிக மூர்க்கமாக ஓட்டுவது அங்கேதான். 2025இல் ஆஸ்திரேலியாவின் பிராடி குர்ட்ஸ் வரிசையாக ஐந்து சுற்றுகளை ஜெயித்தும், போலந்தின் பார்ட்டோஷ் ஸ்மார்ஸ்லிக்கிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை விட்டார். அந்த ஒரு புள்ளிக்காக சீசன் முழுக்க நடந்த சண்டையை எந்த ரேட் கார்டும் உண்டாக்கவில்லை. சாம்பியன் பட்டம் அடுத்த வருஷ லீக் சம்பளத்தை உயர்த்தும் என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு சீசனின் கணக்கு. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலைச்சீட்டு ஒட்டினால்தான் இவர்கள் ஓட்டுவார்கள் என்று நினைப்பது இவர்களை அறியாதவர்களின் பேச்சு.

*

இனி, யாரும் பேச விரும்பாத பக்கம்.

ஸ்பீட்வே விதிப்புத்தகத்தில் ரைடர் ரீப்ளேஸ்மென்ட் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்திலும் உண்டு, போலந்திலும் உண்டு. அணியின் முக்கிய ரைடர் காயப்பட்டுப் படுத்துவிட்டால், அவனுக்குரிய ஹீட்டுகளை மற்ற அணிக்காரர்கள் பகிர்ந்து ஓட்டலாம். கிளப்புக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளும் அருமையான விதி. அவன் பெயர் பட்டியலில் இருக்கும், அவன் இடம் இருக்கும், அந்த இடத்திலிருந்து புள்ளிகள் வரும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்கு அந்தப் புள்ளிகளில் பங்கு? ஓட்டியவனுக்குத்தான் காசு. விதியை எழுதிய கை, காயம் வரும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறது. வந்தால் கிளப்பின் ஸ்கோர் என்னாகும் என்று யோசித்திருக்கிறது. அந்த மனுஷனின் வீட்டு வாடகை என்னாகும் என்ற இடத்தில் பேனாவை மூடிவிட்டது.

அதனால்தான் உடைந்த எலும்போடு ஓட்டுகிறார்கள். 2016இல் ஜேசன் டாய்ல் உலகப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோது டோருனில் விழுந்து காயப்பட்டு, பட்டத்தை இழந்தார். அடுத்த வருஷம் பாதம் உடைந்தது. ஊன்றுகோலில் நடந்து வந்து, வண்டியில் ஏறி ஓட்டிவிட்டு, இறங்கி மறுபடி ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு போனார். அந்த வருஷமே மெல்பர்னில் உலக சாம்பியன் ஆனார். இந்தக் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம்? வீரம் என்கிறோம். வீரம்தான், மறுக்கவில்லை. டாய்லுக்கு முன்னால் உலகப் பட்டம் இருந்தது, அதற்காக வலியைத் தாங்கலாம் என்று அவர் முடிவெடுத்தார். ஆனால் உலகப் பட்டத்தின் வாசனையே இல்லாத இரண்டாம் நிலை லீகில் ஓட்டுகிறவனும் விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு அடுத்த வாரமே வருகிறான். அவனையும் வீரன் என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அவன் வருவது வேன் கடனுக்காக. வீரம் என்ற சொல்லை வைத்து எத்தனை வாடகை பாக்கிகளை நாம் மறைத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே சந்தேகம் வருகிறது.

2012 மே மாதம் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் லீக் மேட்ச்சில் விழுந்து லீ ரிச்சர்ட்சன் இறந்தார். 2016 மே மாதம் போலந்தின் கிறிஸ்டியன் ரெம்பாவா, வயது 18, லீக் மேட்ச் விபத்துக்குப் பிறகு இறந்தார். 2015 ஆகஸ்டில் ஜெலோனா கூராவில் டார்சி வார்ட் விழுந்தார். அவர் தலைமுறையின் மிகப் பெரிய திறமை என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஆள். முன்னால் போன வண்டியின் பின்சக்கரத்தில் இவருடைய முன்சக்கரம் தட்டியது. மேட்ச்சின் கடைசி ஹீட். முதுகுத்தண்டு போய்விட்டது. 23 வயது.

அதன்பிறகு என்ன நடக்கும் என்பது ஸ்பீட்வே பார்க்கிறவர்களுக்கு மனப்பாடம். நிதி திரட்டல். ஏலத்துக்கு வரும் பழைய ரேஸ் சூட். இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி வரும் வாளி. இங்கிலாந்தில் காயப்பட்ட ரைடர்களுக்கென்றே நலநிதி ஒன்று பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அதை நடத்துகிறவர்களை நான் மதிக்கிறேன். வாளியில் காசு போடுகிற ரசிகனையும் மதிக்கிறேன். ஆனால் யோசிச்சுப் பாருங்க. ஒரு தொழிலில் எலும்பு முறிவு விபத்து கிடையாது, வழக்கம். அது வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்த செலவை யாராவது வாளியில் வசூல் செய்வார்களா? கிளப்பின் கரண்ட் பில்லுக்கு வாளி சுற்றுவதில்லை. டிராக்குக்குத் தண்ணீர் அடிக்கும் டிராக்டரின் டீசலுக்கு வாளி சுற்றுவதில்லை. முதுகுத்தண்டுக்கு மட்டும் வாளி.

*

"அப்போ ஸ்பான்சர் தேடிக்கோ." இதைச் சொல்கிறவர்கள் ரைடர் மேல் அக்கறை உள்ளவர்கள் போலவே சொல்வார்கள். சமூக ஊடகத்தில் நன்றாக இயங்கு, தாடியை ட்ரிம் பண்ணு, உன்னையே ஒரு பிராண்டாக மாற்று.

ஸ்பான்சர் என்றால் என்னவோ எனர்ஜி டிரிங்க் கம்பெனி கோடிகளோடு வருவதாக நினைக்க வேண்டாம். அது உச்சியில் இருக்கும் நாலைந்து பேருக்கு. மற்றவர்களுக்கு ஸ்பான்சர் என்பது அந்த ஊர் ஒர்க்‌ஷாப்காரர், கூரை போடும் கான்ட்ராக்டர், சித்தப்பாவின் லாரி கம்பெனி. மட்கார்டில் ஒரு ஸ்டிக்கர், பதிலுக்கு ரெண்டு டயர். பாசத்தில் தருகிறார்கள். பாசத்தைக் குறை சொல்லவில்லை. பாசத்தின் மேல் ஒரு தொழிலைக் கட்ட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இந்த அறிவுரையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. புள்ளி வரும்போதுதான் ஸ்பான்சரும் வருவார். காயப்பட்டு ஆறு மாதம் படுத்தால் புள்ளியும் நிற்கும், டிவியில் ஸ்டிக்கரும் தெரியாது, ஸ்பான்சரும் மெதுவாக நழுவுவார். ரெண்டு வருமானமும் ஒரே நாளில், ஒரே காரணத்துக்காக நிற்கும். ஒரு வருமானம் போனால் இன்னொன்று தாங்கும் என்றால்தான் அது பாதுகாப்பு. இது ஒரே கயிற்றை ரெண்டாக மடித்துக் கட்டியது. அறும்போது சேர்ந்தே அறும்.

சரி, பிராண்டாக மாறிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த பிராண்டாவது அவனுடையதா? 2023 செப்டம்பரில் டென்மார்க்கின் வோயன்ஸ் நகரில் நடந்தது இது. நடப்பு உலக சாம்பியன் ஸ்மார்ஸ்லிக் அன்றைக்கே பட்டத்தை உறுதி செய்திருக்கலாம் என்ற நிலை. தகுதிச்சுற்றில் அவர் அணிந்திருந்த சூட் அந்தத் தொடருக்கு அங்கீகரிக்கப்பட்ட சூட் இல்லை என்று போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். வேகமாக ஓட்டியதில் தப்பில்லை, இன்ஜினில் தப்பில்லை, எரிபொருளில் தப்பில்லை. சட்டையில் தப்பு. பட்டம் கடைசிச் சுற்றான டோருன் வரைக்கும் இழுத்தது. அங்கே போய் ஜெயித்தார்.

விதி விதிதான், அதை மீறியதும் அவர் அணியின் கவனக்குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். விளம்பரதாரர் காசு கொடுத்து வாங்கிய இடத்தைத் தொடரை நடத்துகிறவர்கள் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். என் கேள்வி வேறு. வண்டி என்னுடையது, இன்ஜின் என்னுடையது, மெக்கானிக் சம்பளம் என்னுடையது, உடையப்போகும் எலும்பு என்னுடையது. நெஞ்சுமேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது மட்டும் உங்களுடையது. உரிமை என்று வரும்போது நான் உங்கள் தொடரின் முகம். செலவு என்று வரும்போது நான் தனி வியாபாரி. ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

*

இங்கிலாந்தைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே காசு இல்லை என்ற சாக்கு உண்மையாகவே இருக்கிறது. 1928இல் லண்டனுக்குப் பக்கத்தில் ஹை பீச்சில் தொடங்கிய மோகம் அது. முதல் உலக இறுதிப்போட்டி 1936இல் வெம்பிளியில் நடந்தது. 1981இல் வெம்பிளியில் கடைசியாக நடந்தபோதும் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் கூட்டம். இன்றைக்கு அரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. காவன்ட்ரியின் பிராண்டன் 2016க்குப் பிறகு இல்லை. ஸ்விண்டன் 2019க்குப் பிறகு இல்லை. வுல்வர்ஹாம்ப்டனும் பீட்டர்பரோவும் 2023 முடிவோடு போயின. பல இடங்களில் நிலம் கிளப்புடையது கிடையாது. நிலத்துக்காரருக்கு வீடு கட்டி விற்பதோ, நாய்ப் பந்தயம் நடத்துவதோ லாபமாகத் தெரிந்தால் ஸ்பீட்வே வெளியே.

இந்த வறுமையைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்த விதியைக் கேளுங்கள். ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு மேட்ச் சராசரி உண்டு. அணியில் உள்ள ஏழு பேரின் சராசரிகளைக் கூட்டினால் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார கிளப் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிடக் கூடாது, செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். விளைவு என்ன? ஒரு பையன் அஞ்சு சராசரியில் வருகிறான். சீசன் முழுக்க வியர்வை சிந்தி ஏழுக்கு ஏறுகிறான். குளிர்காலத்தில் கிளப் கூட்டிப் பார்க்கிறது. வரம்பு இடிக்கிறது. "தம்பி, நல்லா ஓட்டின, ஆனா கணக்குல நீ பொருந்தல." சரிந்து அஞ்சுக்கு வந்த வேறொருவனுக்கு அந்த இடம் கிடைக்கிறது. உலகத்தில் எந்த வேலையிலாவது முன்னேறியதற்காக வேலை போகுமா? கிளப்புகளுக்கு இடையில் சமத்துவம் வேண்டும், சரி. அந்தச் சமத்துவத்தின் விலையை ஏன் ஒரு இருபது வயதுப் பையன் கட்டுகிறான்?

அந்தப் பையன் வந்த வழியையும் பாருங்கள். பின்னாளில் மூன்று முறை உலக சாம்பியன் ஆன டை வொஃபிண்டன் சின்ன வயதில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, ஓட்டுவதற்காகக் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பி, கேரவன் வண்டியில் குடியிருந்து தொடங்கியவர். அவர் ஜெயித்தார், அதனால் கேரவன் ஒரு இனிய கதை ஆனது. ஜெயிக்காதவர்களின் கேரவன்களைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை. அப்பாவின் சேமிப்பு, அம்மாவின் ஓவர்டைம், அடமானம் வைத்த வீடு. இந்த விளையாட்டின் மிகப் பெரிய ஸ்பான்சர் யார் என்று கேட்டால் எந்தக் கம்பெனி பெயரையும் நான் சொல்ல மாட்டேன். ரைடர்களின் அப்பா அம்மா. அவர்கள் லோகோ எந்த சூட்டிலும் கிடையாது.

*

போலந்துக்கு வந்தால் காசு இல்லை என்ற சாக்கும் செல்லாது. லீகின் பெயரிலேயே பிஜிஇ என்ற அரசு மின்சாரக் கம்பெனி ஒட்டியிருக்கிறது. வ்ரோட்ஸ்வாஃப் கிளப் பெயருக்கு முன்னால் கான்கிரீட் கம்பெனி, லெஷ்னோ கிளப் பெயருக்கு முன்னால் ஜெனரேட்டர் கம்பெனி. அரங்கங்கள் பெரும்பாலும் நகராட்சியின் சொத்து. 2009இல் டோருனில் கட்டிய மோட்டோஅரீனா மாதிரி அரங்கத்தை வேறு நாட்டு ஸ்பீட்வே ரசிகன் கனவில்தான் பார்க்க முடியும். 2022 முதல் 2025 வரைக்குமான டிவி ஒப்பந்தம் மட்டும் 24 கோடி ஸ்வோட்டிக்கும் மேல். இதில் ஸ்மார்ஸ்லிக் மாதிரி உச்சத்தில் இருப்பவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். அவர்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. உச்சியில் இருக்கும் பத்துப் பேரின் சம்பளத்தைக் காட்டி அடியில் இருக்கும் இருநூறு பேரின் வாயை அடைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

போலிஷ் கிளப்புகளும் கடனில் விழுகின்றன. செஸ்டோஹோவாவின் வ்வூக்னியாஷ் கிளப்புக்கு 2015 சீசனுக்கான உரிமம் கடனால் கிடைக்காமல் போனது. சில வருஷத்தில் அதே பெயர், அதே சிங்கச் சின்னத்தோடு 2017இல் பெரிய லீகுக்குத் திரும்பியது. ரசிகர்கள் கொண்டாடினார்கள், நியாயம்தான். கிளப்புக்கு மறுபிறவி உண்டு. காசு வராமல் ஒரு சீசனை இழந்த ரைடருக்கு அந்த வருஷம் மறுபடி பிறக்காது. 2020இல் பெருந்தொற்று வந்தபோதும் முதலில் வெட்டு விழுந்தது ரைடர்களின் சம்பளத்தில்தான். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைத் திருத்தி, குறைத்த ரேட்டுக்கு ஒத்துக்கொண்டால்தான் ஓடலாம் என்றார்கள். நல்ல காலத்தில் நீ தனி வியாபாரி, கெட்ட காலத்தில் நாம் எல்லாரும் ஒரே குடும்பம்.

ஆனால் இதே போலந்தில்தான் என் வாதத்துக்கு வேண்டிய சாட்சியும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு அணியும் மேட்ச்சுக்கு இரண்டு போலிஷ் ஜூனியர்களைக் கட்டாயம் இறக்க வேண்டும். அதனால் கிளப்புகள் பயிற்சிப் பள்ளி நடத்துகின்றன. கற்றுக்கொள்ள வரும் பையனுக்கு வண்டி தருகின்றன, இன்ஜின் தருகின்றன, மெக்கானிக் தருகின்றன. அட, முடிகிறதே! "ரைடர்தான் வண்டி வாங்கணும், அதுதான் ஸ்பீட்வே" என்று ஏதோ புவியீர்ப்பு விதி மாதிரி சொன்னார்களே? விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேர்த்ததும் கிளப்பின் பை திறந்தது. அப்படியென்றால் மற்ற பைகள் மூடியிருப்பதும் விதிப்புத்தகத்தில் வரி சேர்க்காததால்தான்.

எனக்கு வேண்டியது மூன்று வரிகள். ஒன்று, ஸ்டார்ட்டிங் டேப்புக்கு முன்னால் வந்து நின்றாலே அந்த ஹீட்டின் செலவாவது கையில் வர வேண்டும். புள்ளிக் காசு அதற்குமேல் இருக்கட்டும். இரண்டு, காயப்பட்ட ரைடரின் இடத்தில் மற்றவர்கள் ஓட்டி எடுக்கும் புள்ளிகளுக்கு, படுக்கையில் இருப்பவனுக்கும் ஒரு பங்கு. அவன் பெயரை வைத்துத்தானே அந்த ஹீட்டை வாங்கினீர்கள்? மூன்று, ஊனத்துக்கும் மரணத்துக்குமான காப்பீடு டிவி பணத்திலிருந்தும் பெயர் ஒட்டும் ஸ்பான்சர் பணத்திலிருந்தும் முதலிலேயே எடுத்து வைக்கப்பட வேண்டும். அரசுக் கம்பெனியின் காசும் நகராட்சியின் காசும் அங்கே புரள்கிறது. பொதுக் காசுக்கு நிபந்தனை போடும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு.

"இதெல்லாம் யார் கேட்பது? ரைடர்கள் ஒன்றாகச் சேர மாட்டார்களே" என்பார்கள். 90 புள்ளியை ஒருவர் பையிலிருந்து ஒருவர் பிடுங்கும் முறையில் வளர்ந்தவர்கள் சேர்வது கஷ்டம்தான். அந்த முறையின் ஆகப் பெரிய லாபமே அதுதான். ஆனால் சேர்ந்ததும் உண்டு. போலந்தில் ரைடர்களுக்கு மெட்டனால் என்று ஒரு சங்கம் உருவானது. அதற்குத் தலைமை தாங்கிய கிஷிஷ்டோஃப் செகியெல்ஸ்கி, 2003இல் ஸ்வீடனில் லீக் மேட்ச்சில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர். சக்கர நாற்காலியிலிருந்து அந்தப் பேச்சை ஆரம்பித்தார்.

2015 ஏப்ரலில் வார்சா தேசிய அரங்கம். நிரம்பி வழிகிற கூட்டம். டோமாஷ் கோலோப் என்ற மாபெரும் ரைடரின் கிராண்ட் பிரி விடைபெறும் நாள். தற்காலிகமாகப் போட்ட டிராக் குழிகுழியாகப் பெயர்ந்தது. ஸ்டார்ட்டிங் டேப் வேலை செய்யவில்லை. ரைடர்கள் இதற்குமேல் முடியாது என்றார்கள். 12 ஹீட்டோடு போட்டி கைவிடப்பட்டது. அன்றைக்கு ரசிகர்களுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது, டிக்கெட் வாங்கி வந்தவர்கள். ஆனால் அன்று ராத்திரி ஒரு விஷயம் வெட்டவெளிச்சமானது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அரங்கமும், கேமராவும், லோகோவும், அந்தப் பதினாறு பேர் வண்டியில் ஏறாவிட்டால் ஒரு பெரிய மண்குவியல்.

என் நண்பன் அதற்கப்புறமும் ஒருநாள் வந்தான். அன்றைக்கு அவனிடம் ஜெயிக்கிறவனைப் பார்க்காதே, கடைசியில் வருகிறவனைப் பார் என்றேன். பதினோராவது ஹீட். ஒருத்தன் ஸ்டார்ட்டில் பின்தங்கி, நாலு சுற்றும் மற்ற மூவர் எறிந்த மண்ணைத் தின்றுகொண்டு வந்தான். கோட்டைத் தாண்டியதும் கேமரா ஜெயித்தவன் பக்கம் போய்விட்டது. ஓரத்தில், பாதி உருவம் மட்டும் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு, குனிந்து தன் பின்டயரைப் பார்த்தான். மெக்கானிக் ஓடி வந்து அவனும் டயரைத்தான் பார்த்தான்.

"இந்த ஹீட்டுக்கு அவனுக்கு எவ்வளவு?" என்றான் நண்பன். நான் சொன்னேன். இந்தமுறை அவன் ரூபாயாக மாற்றிப் பார்க்கவில்லை. மாற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.